புது கெக்கோ பல்லிக்குத் தரை: மணலா, டிஷ்யூ பேப்பரா?

கொளத்தூர் மீன் கடைகளில் மணல் சுலபமாகக் கிடைக்கும். தொட்டியில் பரப்பினால் பார்க்கவும் அழகுதான். ஆனால் புதிதாக வந்த லெப்பர்ட் கெக்கோவுக்கு முதல் சில வாரங்கள் டிஷ்யூ பேப்பரே போதும் என்பேன். பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும்போது மணலும் வாய்க்குள் போகும். குடலை அடைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. பேப்பரில் அந்தப் பயமில்லை. அதைவிட முக்கியம், எச்சம் பளிச்சென்று தெரியும்: கரும்பழுப்பும் நுனியில் வெள்ளையுமாகக் கெட்டியாக இருந்தால் சரி, தண்ணீராகப் போனால் மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னைப் புழுக்கத்தில் பேப்பர் சீக்கிரம் நமுத்துவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும். அப்போது கெக்கோ ஒளிந்திருக்கும் சட்டியை மட்டும் வெடுக்கென்று தூக்காதீர்கள்; மிரண்டால் வாலையே உதிர்த்துவிடும். தோண்டும் ஆசைக்கு? ஈரப்பாசி போட்ட டப்பா ஒன்று வையுங்கள், தோலுரிக்கவும் உதவும்.