ஒன்பது மழைக்காலம் பார்த்த பை

எங்கள் வீடு சென்னையில், தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில். 2015 டிசம்பர் 1ஆம் தேதி, தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியபோது தரைத்தளத்தில் இருந்தவர்கள் நாங்கள். அதற்கு முன் நவம்பர் நடுவிலேயே ஒரு தடவை தண்ணீர் உள்ளே வந்து வடிந்திருந்தது. வீட்டைக் கழுவி, நனைந்த மெத்தையைத் தூக்கிப்போட்டு, இந்த வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று இருந்துவிட்டோம். இரண்டாவது தடவை இடுப்பளவு வந்தது. எதிர்வீட்டு மாடியில் இரண்டு ராத்திரி. கையில் எடுத்துப்போனது ஒரு செல்போன், அத்தை என்று நான் கூப்பிடும் மாமியாரின் மாத்திரை டப்பா, பிள்ளைகளின் ஸ்வெட்டர். அத்தையின் இன்சுலின், ஃபிரிட்ஜோடு சேர்ந்து ஹாலில் மிதந்துகொண்டிருந்தது.

தை பிறந்ததும் ஒரு அவசரப் பை கட்டினேன். 2016 முதல் 2024 வரை ஒன்பது வடகிழக்குப் பருவமழையை அந்தப் பை பார்த்துவிட்டது. வர்தா, நிவர், மிக்ஜாம், ஃபெஞ்சல் என்று பெயர் வைத்த புயல்கள் ஒரு பக்கம், பெயரில்லாமல் வந்து தெருவை மூழ்கடித்த மழைகள் ஒரு பக்கம். பையில் எது உழைத்தது, எது காலை வாரியது என்று ஒவ்வொரு மழை முடிந்ததும் ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். அதைத்தான் இங்கே எடுத்து எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது, ஆன்லைனில் கிடைத்த ரெடிமேட் அவசரப் பை. பளபளவென்று வெள்ளித் தாள் போர்வை, உடைத்தால் ஒளிரும் குச்சி, பல வேலைக்கத்தி, விசில், சின்ன டார்ச், ஒரு முதலுதவிப் பெட்டி. இதில் இன்றுவரை நான் வைத்திருப்பது விசில் மட்டும்தான். இருட்டில், மழை இரைச்சலில், படகில் வருபவரைக் கூப்பிடத் தொண்டை போதாது. விசில் சத்தம் தெருமுனைவரை கேட்கும். மற்றதெல்லாம் குளிர் நாட்டுக்காரர்களுக்குச் செய்தது. நமக்குக் குளிரைவிட ஈரமும் கொசுவும்தான் பாடாய்ப் படுத்தும். வெள்ளித் தாள் போர்வையின் இடத்தில் இப்போது இரண்டு பருத்திப் போர்வை, ஒரு வேட்டி, கொசுவத்திச் சுருள், ஒரு தீப்பெட்டி. எல்லாம் இறுக்கி மூடும் ஜிப் கவரில்.

2016 டிசம்பர் 12, வர்தா. மதியமே கரண்ட் போய்விட்டது. சாயங்காலம் இருட்டியதும் பையைத் திறந்து டார்ச்சை எடுத்தேன். அழுத்தினேன், எரியவில்லை. பின்மூடியைத் திருகினால் திரும்பவில்லை. துணியால் பிடித்து முறுக்கித் திறந்தபோது உள்ளே வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. பேட்டரி கசிந்து, ஸ்பிரிங்கோடு ஒட்டி, செப்புத் தகட்டில் பச்சை படர்ந்திருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதை நான் ஒருமுறைகூடத் தொடவில்லை. அதே நேரத்தில் சமையலறை ஆணியில் தொங்கிய பழைய டார்ச், தினமும் ராத்திரி கேட் பூட்டப் போகும்போது எடுத்துப்போவது, பளிச்சென்று எரிந்தது.

இந்த ஒன்பது வருஷத்தில் நான் கண்டுகொண்டது அந்த ராத்திரியில்தான் தொடங்கியது. விசிலைத் தவிர, ஆபத்துக்கென்று தனியாக வாங்கி மூடிவைத்த பொருள் எதுவும் எங்கள் வீட்டில் ஆபத்துக்கு உதவவில்லை. அன்றாடம் புழங்குவதில் கொஞ்சம் கூடுதலாக வைத்திருந்தவைதான் கைகொடுத்தன. அதன்பிறகு பையையே அப்படி மாற்றினேன். டார்ச் ஆணியில்தான் தொங்கும். பேட்டரி மட்டும் தனியாகக் கவரில் பைக்குள் இருக்கும். சார்ஜ் ஏற்றும் டார்ச் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது ஏற்றுங்கள். சும்மா கிடந்தாலும் அது வடிந்துபோகும்.

சாப்பாட்டுக்கும் இதே கதை. முதல் வருஷம் கப் நூடுல்ஸும் பிஸ்கட்டுமாக அடுக்கினேன். தேதி முடிந்து பாதியைக் கொட்டினேன். இப்போது அவல், பொட்டுக்கடலை, வெல்லம், சத்துமாவு, பால் பவுடர், பருப்புப்பொடி, கடலைமிட்டாய். எல்லாம் வாராவாரம் வீட்டில் தின்பதுதான். ஐப்பசி பிறக்கும் முன் வழக்கத்தைவிட இரண்டு கிலோ அவல் கூட வாங்குவேன், மார்கழிக்குள் தின்று தீர்ப்போம். அவலுக்கு அடுப்பு வேண்டாம். குடிக்கிற தண்ணீரில் ஊறவைத்து வெல்லம் போட்டால் ஒரு வேளைச் சாப்பாடு. மிக்ஜாமின்போது பால் பாக்கெட்டுக்கு ஊரே அலைந்தது, சில இடங்களில் விலையை இரண்டு மடங்கு சொன்னார்கள். எங்கள் வீட்டில் பால் பவுடர் இருந்தது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு மட்டும் அதைக் கொடுக்க முடியவில்லை. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சாதாரணப் பால் பவுடர் ஆகாது. தாய்ப்பால் இல்லையென்றால் குழந்தைக்கான பவுடரே வேண்டும். புட்டிப்பால் குடிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் ஒரு டப்பா கூடுதலாக இருக்கட்டும்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், நாங்கள் அதிகம் அடிபட்டது இங்கேதான். 2015இல் சம்பின், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின், மூடி தரை மட்டத்தில் இருந்தது. வெள்ளம் வடிந்ததும் மோட்டார் ஓடியது, சந்தோஷமாக மாடித் தொட்டிக்கு ஏற்றினோம். சாக்கடை கலந்த தண்ணீர் தொட்டி, குழாய் எல்லாவற்றிலும் பரவிவிட்டது. சுத்தம் செய்து முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. பிறகு சம்பின் வாயைச் சுற்றி இரண்டடிக்குச் செங்கல் வைத்துப் பூசினோம். நான் செய்த செலவிலேயே இதற்குத்தான் அதிகப் பலன் கிடைத்தது என்பேன். இப்போது ரெட் அலர்ட் என்றதும் செய்கிற முதல் வேலை, கரண்ட் இருக்கும்போதே 1000 லிட்டர் மாடித் தொட்டியை நிரப்பி, மோட்டார் சுவிட்சை அணைத்துவிடுவது. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்பது பேரிடர் காலத்துக்குச் சொல்லும் பொதுக் கணக்கு. நாங்கள் ஐந்து பேர். ஐந்து நாளைக்கு 375 லிட்டர். கக்கூஸில் ஃபிளஷை அழுத்தாமல் வாளியில் அளந்து ஊற்றினால் தொட்டித் தண்ணீர் தாராளமாகப் போதும். குடிக்க 20 லிட்டர் கேன் மூன்று. சந்தேகமான தண்ணீரைத் தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுக் குடிக்கிறோம். பெட்ரோல், ஆயில் வாடை அடித்தால் கொதிக்கவைத்தும் பயனில்லை, அதைத் தொடவே கூடாது.

இன்வெர்ட்டர் முன்பு மாடிப்படிக்கு அடியில் இருந்து 2015இல் மூழ்கிப்போனது. புதிதாக வாங்கியதை நாலடி உயரத்தில் கடப்பாக்கல் பலகை போட்டு ஏற்றினோம். 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரியின் கனம் லேசுப்பட்டதல்ல, இரண்டு ஆள் வேண்டும். தண்ணீர் வந்த பிறகு தூக்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பே வேண்டாம். மிக்ஜாமின்போது ஞாயிறு ராத்திரி போன கரண்ட் வியாழன் மதியம் வந்தது. அந்த நாலு ராத்திரியும் வெளிச்சம் இருந்ததற்குக் காரணம் ஒரு சின்னக் கட்டுப்பாடு: பகலில் இன்வெர்ட்டரை முழுக்க அணைத்துவிட்டு, ராத்திரி மட்டும் இரண்டு எல்.இ.டி. பல்பும் ஒரு விசிறியும். பழைய விசிறி 75 வாட் இழுக்கும். அத்தையின் அறைக்கு மாட்டிய பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டுக்குள் அடங்கிவிடும். விசிறி மாற்றும்போது பலர் இதை யோசிப்பதில்லை.

பவர் பேங்க் வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 10,000 மில்லி ஆம்பியர்-ஹவர் (mAh) என்று மேலே எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கு உரியது. போனுக்காக 5 வோல்ட்டாக ஏற்றும்போது அது 7,400 ஆகிவிடும், வழியில் இழப்பு போகக் கைக்கு 6,000 சொச்சம்தான் வரும். இன்றைய போன் ஒன்றை ஒரு தடவை முழுதாக ஏற்றலாம், கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஐந்து பேர் வீட்டுக்கு ஒன்று போதாது.

ஆனால் போனில் சார்ஜ் இருந்தும் சிக்னல் இல்லையென்றால்? வர்தாவிலும் மிக்ஜாமிலும் டவர்கள் போய்விட்டன. 1070, 1077 என்ற பேரிடர் உதவி எண்களும், இப்போது வந்திருக்கும் அரசின் டிஎன்-அலர்ட் செயலியும் மழைக்கு முந்தைய நாள் வரை மிக உதவியானவை. டவர் போய்விட்டால் அவை எட்டாது. வர்தா ராத்திரியில் வெளியுலகம் எங்களுக்குத் தெரிந்தது, அத்தை சுப்ரபாதம் கேட்கும் சின்ன ரேடியோ வழியாகத்தான். பேட்டரியில் ஓடும் ஒரு ரேடியோ வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். சில போன்களில் எஃப்.எம். உண்டு, இயர்போன் வயரைச் செருகினால்தான் அது பாடும், வயர்தான் அதற்கு ஆன்டெனா. வயர் இல்லாத இயர்போன் மட்டும் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியவில்லை.

சிக்னல் இல்லாதபோது பணமும் இல்லை. வர்தா வந்தது நவம்பர் 8 நோட்டுத் தடைக்கு ஒரு மாதம் கழித்து. வீட்டிலும் கையிருப்பு இல்லை, ஏ.டி.எம். வாசலும் காலி. மிக்ஜாமில் கதை வேறு. மெழுகுவத்தி வாங்கப் போன இடத்தில் எல்லோரும் கியூ.ஆர். அட்டை முன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பையில் இப்போது 3,000 ரூபாய் இருக்கிறது, எல்லாம் 50, 100 நோட்டுகள். 500 ரூபாயை நீட்டினால் அந்த நாளில் சில்லறை தர யாராலும் முடியாது.

மருந்து. அத்தைக்கு இன்சுலின் இல்லாமல் 2015இல் கழிந்த அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது: திறந்து உபயோகிக்கும் பாட்டில் பொதுவாக நாலு வாரம் வரை அறை வெப்பத்தில் தாங்கும், 30 டிகிரி தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தாளில் அந்தந்த மருந்துக்கு உரிய கணக்கு இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் நாங்கள் செய்வது இதுதான். பெரிய மண்சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் சின்னச் சட்டியை வைத்து, இடைவெளியிலும் மணலை நிரப்பி நனைத்துவிட்டு, உள்ளே மருந்தைக் கவரில் சுற்றி வைத்து, ஈரத்துணியால் மூடிவிடுவோம். நேராக ஐஸ் மேல் வைக்கக் கூடாது. உறைந்தால் மருந்து கெட்டது. முதல் தடவை அத்தை சட்டிக்குள் கையை விட்டுப் பார்த்து, "ஏம்மா, எங்கம்மா வெத்தலையை இப்படித்தான் வாடாம வெச்சிருப்பா" என்றார். மாத்திரைகள் எப்போதும் பதினைந்து நாளைக்குக் கூடுதலாக இருக்கும். பழையதை எடுத்துச் சாப்பிட்டுப் புதியதை உள்ளே வைப்போம். மாத்திரைப் பெயர்கள் எழுதிய சீட்டு ஒன்று, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், நாப்கின், அத்தையின் பழைய கண்ணாடி. கண்ணாடியை நான் யோசிக்கவே இல்லை, அவரே கொண்டுவந்து வைத்தார்.

பத்திரங்கள் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். எங்களுடையது நனைந்தபோது ஒவ்வொரு தாளாகப் பிரித்து, இடையில் செய்தித்தாள் வைத்து, விசிறிக் காற்றில் நாலு நாள் உலர்த்தினேன். முத்திரை மங்கினாலும் எழுத்து தப்பியது. லேமினேட் செய்திருந்த ஒரு சான்றிதழில் ஓரம் வழியாகத் தண்ணீர் புகுந்து, பிரிக்கவும் முடியாமல் உள்ளேயே மக்கிவிட்டது. இப்போது எல்லாம் இரட்டைக் கவரில், அலமாரியின் மேல்தட்டில். ஆதார், படிப்புச் சான்றிதழ்கள் டிஜிலாக்கரிலும் இருக்கின்றன.

கேஸ் சிலிண்டரைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று. 14.2 கிலோ சிலிண்டர் நிரம்பியிருந்தாலும் மிதக்கும். 2015இல் எங்களுடையது குழாயை இழுத்துக்கொண்டு கவிழ்ந்தது. ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டு, ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் இப்போது வெளியேறுகிறோம். மெயின் சுவிட்சை அணைப்பது தண்ணீர் படியைத் தொடும் முன்பே. கால் நனைந்த பிறகு அந்தப் பக்கமே போவதில்லை.

வாசலில் மணல்மூட்டை அடுக்குகிறவர்கள் கக்கூஸை மறந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக்குள் முதலில் தண்ணீர் வந்தது வாசல் வழியாக அல்ல, பாத்ரூம் ஓட்டை வழியாக. கெட்டியான பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பி இறுக்கிக் கட்டி கோப்பைக்குள் அழுத்திவிடுகிறோம், தரை ஓட்டைகளில் துணிப்பந்தும் மேலே அம்மிக்கல்லும். மிக்ஜாமில் தெருவில் முழங்கால் அளவு நின்றபோதும் இதனால் சாக்கடை பொங்கவில்லை. வாசல் வழியே வந்த நாலு அங்குலத் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டோம்.

எப்போது கிளம்புவது என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் அதிக நாள் ஆனது. டி.வி.யில் எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்ப்பார்கள். அந்தத் தண்ணீர் திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேர்கிறது, எங்களுக்குக் கீழே. முடிச்சூருக்கு வருவது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர். மழை விட்டு, வானம் வெளுத்து, அப்பாடா என்று உட்காரும்போதுதான் அது ஏறும். அதனால் மழையின் அளவை வைத்து நாங்கள் முடிவெடுப்பதில்லை. தெருக்கோடி மின்கம்பத்தில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டிருக்கிறோம். தண்ணீர் அங்கே தொட்டால் மணி என்னவானாலும் அத்தையும் பிள்ளைகளும் எதிர்வீட்டு மாடிக்குப் போய்விட வேண்டும். நிவரின்போது ராத்திரி பதினொன்றுக்குக் கிளம்பினோம். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. காலையில் திரும்பி வந்தோம், யாரும் அதை வீண் அலைச்சல் என்று சொல்லவில்லை.

வண்டியை முந்தின நாளே மேட்டில் நிறுத்திவிடுவோம். ஒருவேளை முங்கிவிட்டால் ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. எஞ்சினுக்குள் புகுந்த தண்ணீர், சாவியைத் திருப்பும்போதுதான் அதை உடைக்கிறது.

இந்த ஆவணியில் பையைப் பிரித்து வெயிலில் காயவைத்தேன். நைலான் கயிறு இற்றுப்போயிருந்தது, மாற்ற வேண்டும். பிள்ளைகளின் உடுப்பு ஒன்றும் சேரவில்லை, வளர்ந்துவிட்டார்கள்; மாற்று உடுப்பு அளவு பார்த்து வைத்தாயிற்று. எதிர்வீட்டு அக்கா இப்போது மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். மாடிச் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது டார்ச் தொங்கும் அதே ஆணியில்தான் தொங்குகிறது.