எட்டுப் பாட்டுக்குள் சிக்கும் மனிதர்கள்

வானொலி நேர்காணல் என்றாலே எனக்குக் கொஞ்சம் சலிப்பு. பேட்டி எடுப்பவர் பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்து நீட்டி முழக்குவார். விருந்தினர் "ஆமாம், நீங்கள் சொல்வது சரிதான்" என்பார். நான் கிராணியாக, அதாவது கணக்கெழுத்தராக இருந்த தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலேயே இதைவிடச் சூடான கேள்வி பதில் நடக்கும்.

பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-உடன் நின்றுபோனது. காது சும்மா இருக்குமா? அதே நிறுவனத்தின் ஆங்கில நிகழ்ச்சிகளைக் கைப்பேசியில் இறக்கிக் கேட்கத் தொடங்கினேன். அவற்றில் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாவது 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்'. போர்க்காலத்தில், 1942 ஜனவரியில் ராய் பிளாம்லி தொடங்கியது; இன்றும் ஓடுகிறது. ஆளில்லாத தீவில் ஒதுங்கினால் எந்த எட்டு இசைத்தட்டுகள் வேண்டும் என்று விருந்தினரைக் கேட்பார்கள். பைபிளும் ஷேக்ஸ்பியரும் கையோடு வரும். கூட ஒரு புத்தகமும் ஒரு ஆடம்பரப் பொருளும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பொருள் தப்பிப்பதற்கு உதவக் கூடாது.

விளையாட்டுப் போலத் தெரியும். ஆனால் ஆளைப் பிடிக்கிற பொறி அது. பிரிட்டனின் பிரதமர்களாக இருந்த தாட்சர், பிளேர், கேமரன் எல்லாரும் இதில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கொள்கையைப் பற்றிக் கேட்டால் அரசியல்வாதிக்கு மனப்பாடப் பதில் இருக்கும். இந்தப் பாட்டு ஏன் என்று கேட்டால் அம்மாவின் குசினிக்கோ பழைய காதலுக்கோ போய்த்தான் ஆக வேண்டும். எலிசபெத் ஷ்வார்ஸ்கோப் என்ற இசைப்பாடகி எட்டில் ஏழைத் தன் சொந்த இசைத்தட்டுகளாகவே தேர்ந்தெடுத்தார். அந்த அம்மாளைப் பற்றி இனி யாரும் தனியாகக் கட்டுரை எழுத வேண்டியதில்லை.

1992-இல் ஸ்டீபன் ஹாக்கிங் வந்தார். அப்போது நிகழ்ச்சியை நடத்திய சூ லாலி கேட்கிறார். கணினிக் குரல் பதில் சொல்கிறது. ஏற்ற இறக்கமே இல்லாத அந்தக் குரலில் நகைச்சுவை எப்படி எடுபடும் என்று நினைத்தேன். நன்றாகவே எடுபடுகிறது. தீவுக்கு அவர் கேட்ட ஆடம்பரம் 'கிரெம் புருலே'. பாலாடை, முட்டை, சர்க்கரையில் செய்து மேலே சர்க்கரையைக் கருக்கும் இனிப்பு. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி, "அண்டத்தையே அளந்தவருக்கும் நாக்கு நாக்குதானே, என்னங்க!" என்றாள்.

தொடக்க இசையோடு கடற்பறவைகள் கத்தும். அவை குளிர்நாட்டுப் பறவைகள், வெப்பத் தீவில் ஏது என்று அந்நாட்டு நேயர்களே குறை சொல்லியிருக்கிறார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து கேட்கிற எனக்கு அதில் தனிச் சிரிப்பு.

இரண்டாவது 'தி லைஃப் சயன்டிஃபிக்', விஞ்ஞானிகளைப் பேட்டி காணும் நிகழ்ச்சி. 2011 முதல் ஜிம் அல்-கலீலி நடத்துகிறார். அவரே இயற்பியலாளர், பாக்தாத்தில் பிறந்தவர். துறை தெரிந்த மனிதர் கேட்பதால் கேள்வி குட்டையாக இருக்கிறது. வானியலாளர் ஜோசலின் பெல் பர்னெல் பேசியதை முதலில் கேளுங்கள். கேம்பிரிட்ஜில் நாலரை ஏக்கர் நிலத்தில் கம்பம் நட்டுக் கம்பி இழுத்து வானொலித் தொலைநோக்கி அமைத்ததில் அவரும் சம்மட்டி பிடித்தவர். நாலரை ஏக்கர் என்றால் என்ன என்று எனக்குக் கண்ணளவு தெரியும். அதில் கம்பம் நடுகிற பாடு இன்னும் நன்றாகத் தெரியும். 1967-இல் நீள நீளமான வரைதாளில் ஒரு சின்னக் கிறுக்கலைக் கவனித்தார், அதுதான் பல்சார், சுழன்றபடி சீராக வானொலித் துடிப்பு அனுப்பும் விண்மீன். 1974-இல் நோபல் பரிசு அவருடைய மேற்பார்வையாளர் ஆன்டனி ஹியூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. வேலை ஒருவர், பெயர் இன்னொருவர் என்பது தோட்டத்தில் செக்ரோல் என்னும் ஆள்வருகைப் பதிவேடு எழுதியவனுக்குப் புதிதல்ல. 2018-இல் கிடைத்த முப்பது லட்சம் டாலர் பரிசை முழுவதும் ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார்.

குறைகளும் உண்டு. இறக்கிக் கேட்கும் பதிப்பில், உரிமைச் சிக்கலால், பாட்டுகளைக் கொஞ்சம் ஒலிக்கவிட்டு நறுக்கிவிடுகிறார்கள். பாட்டை நம்பி நடக்கும் நிகழ்ச்சிக்கு இது பெரிய குறை. முழுப் பாட்டைத் தனியாகத் தேட வேண்டியிருக்கிறது. புதுப்படம் வெளிவரும் நேரத்தில் வரும் நடிகர்களின் பேட்டிகள் பெரும்பாலும் சப்பென்று இருக்கும், தாண்டிப் போங்கள்.

காசு கிடையாது. எங்கள் ஊர்ப் பக்கம் இணையம் மலை மறைவில் அறுந்துபோகும் என்பதால் டவுனில் இறக்கிவைத்துக்கொள்கிறேன். ஆங்கில உச்சரிப்பு வேகமாகத் தெரிந்தால் கைப்பேசியில் ஓட்டத்தைக் குறைத்துவிடுங்கள். சூ லாலி காலத்துப் பேட்டிகளுக்கு அதுவும் தேவையில்லை.