பழைய புல்லட்டுக்கு ஃபோர்க் சீல்: சென்னையில் செய்துகொண்ட வேலை

வெளிநாட்டிலிருந்து சில வார விடுப்பில் ஊருக்கு வந்து, வீட்டில் நிற்கும் பழைய புல்லட்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைச் சரிசெய்துவிட நினைப்பவர்கள், ஆயில் சீலைத் தேடிக் கடைக்குப் புறப்படும் முன்பு ஃபோர்க் ராடைத் தடவிப் பார்த்துவிட வேண்டும். சீல் என்பது எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும் பொருள். பணமும் நாளும் போவது, அந்த வளையம் உரசி நிற்கும் குரோம் பூசிய குழாயான ராடில்தான்.

வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டில் இருக்கும் 350 சிசி புல்லட்டை அப்பா 1978-இல் வாங்கினார். அவர் காலத்துக்குப் பிறகு அதை அன்றாடம் எடுத்து ஓட்ட ஆளில்லை. மெல்போர்னிலிருந்து நான் வரும்போதுதான் அது தெருவைப் பார்க்கிறது. இம்முறை வந்தபோது இரண்டு பக்கமும் எண்ணெய் கசிந்து சக்கரத்தின் டிரம் வரை இறங்கியிருந்தது. பிரேக் ஷூவில் எண்ணெய் படிந்தால் முன் பிரேக் பிடிக்காது என்பதால், அடுத்த பயணத்துக்குத் தள்ளிப்போட முடியாத வேலையாக அது ஆகிவிட்டது.

முதலில் போன பட்டறையில் ராடைத் திரும்பியும் பார்க்காமல், மாலைக்குள் சீல் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். ராடில் துரு இருக்கிறதே என்று கேட்டதற்கு, "புது சீல் சார், கசியாது" என்பது மட்டுமே பதிலாகக் கிடைத்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, அப்பாவுக்குப் பழக்கமான ஒரு மூத்த மெக்கானிக்கிடம் ஒப்படைத்தேன். அவர் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ராடைத் துடைத்துவிட்டு, நகத்தை மேலிருந்து கீழாக மெல்ல ஓட்டினார். சீல் ஏறி இறங்கும் இடத்திலேயே நகம் நாலைந்து முறை தட்டி நின்றது. "ராடு சரியில்லாம சீல மட்டும் மாத்தினா, நீங்க ஃபிளைட் ஏறதுக்குள்ள திரும்ப ஒழுகும் தம்பி" என்றார். சென்னையின் உப்புக் காற்றில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் குரோம் பூச்சு புள்ளி புள்ளியாகப் பெயர்ந்து, அந்தக் குழிகளின் விளிம்பு ஒவ்வொரு குலுக்கலிலும் சீலின் உதட்டை அறுத்துக்கொண்டே இருக்கும் என்பதை விரலால் தொட்டே புரிந்துகொள்ள முடிந்தது.

இந்த மாடலில் ராடின் மேல்முனை ஹெட்லைட் கூட்டுக்குள் மரையேறி நிற்கிறது. மேல்மூடியைக் கழற்றி, உள்ளிருந்து பிடிக்கும் அதற்கான டூலால் திருப்பினால்தான் சேதமில்லாமல் இறங்கும். அந்த டூல் இல்லாதவர்கள் பைப் ரெஞ்சால் ராடைக் கவ்வித் திருப்புகிறார்கள். அந்தப் பற்களின் தழும்பே அடுத்த கசிவுக்கு வழியாகிவிடுகிறது. ஆகவே வேலையைக் கொடுக்கும் முன், ராடை எதைக் கொண்டு கழற்றுவீர்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. பட்டறையின் தரத்தைப் பெயர்ப்பலகையை விட அந்தப் பதில் தெளிவாகக் காட்டிவிடும்.

கழற்றிய ராடுகளை அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு ஹார்ட் குரோம் பட்டறைக்கு எடுத்துப் போனோம். அங்கே முதலில் வளைவைக் காட்டும் டயல் கேஜ் வைத்து உருட்டிப் பார்த்தார்கள். வலப்பக்க ராடில் லேசான வளைவு இருந்ததால் பெண்டு எடுத்த பிறகே பழைய பூச்சை நீக்கினார்கள். பிறகு கிரைண்டிங் செய்து, குரோம் ஏற்றி, மறுபடியும் பழைய அளவுக்கே கிரைண்டிங் செய்து தந்தார்கள். சைலன்சருக்கும் மட்கார்டுக்கும் பூசும் பளபளப்புக் குரோம் வேறு, இது வேறு. அது அழகுக்கான மெல்லிய பூச்சு. ராடில் அதைப் பூசினால் உரசலுக்குத் தாங்காது. இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுக்காமல் வெறுமனே "குரோம் போடுங்கள்" என்றால் இரண்டில் எது வந்து சேரும் என்பதற்கு உறுதியில்லை.

உதிரிப் பாகங்களுக்கு ஜி.பி. ரோடு போதுமானதாக இருந்தது. 1955-இல் மதராஸில் உருவாகத் தொடங்கிய புல்லட், இங்கிலாந்தில் அதன் மூல நிறுவனமான ராயல் என்ஃபீல்டு 1970-இல் முடங்கிய பின்பும் திருவொற்றியூரில் அடிப்படை மாறாமல் பல பத்தாண்டுகள் தொடர்ந்து வெளிவந்ததால், மெல்போர்னில் காத்திருந்து வரவழைக்க வேண்டிய பொருள்கள் இங்கே கல்லாவுக்குப் பின்னாலேயே தொங்குகின்றன. ஆனால் இத்தனை ஆண்டுகளில் எந்தக் கை எந்தப் பாகத்தை மாற்றியதோ தெரியாது என்பதால், வண்டியின் ஆண்டைச் சொல்லிக் கேட்பதை விடக் கழற்றிய சீலையே கொண்டுபோய், அதில் அச்சாகியிருக்கும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகிய மூன்று எண்களையும் ஒப்பிட்டு வாங்குவதுதான் சரி. சிறு கடைகளில் ஜிபே அல்லது ரொக்கம் என்பதே வழக்கம். இந்திய வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் கையில் ரொக்கம் வைத்திருக்க வேண்டும்.

பொருத்தும் நாளில் மூத்த மெக்கானிக்கின் பட்டறையிலேயே இருந்து பார்த்தேன். ராடின் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, உள்ளே சுருள் கம்பி தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கிக் கீழே இருக்குமாறு மெதுவாக இறக்கினார். சீலை அதன் இடத்தில் உட்கார வைக்க, அளவாக அறுத்த பிவிசி குழாய்த் துண்டை மேலே வைத்துச் சீராகத் தட்டினார். ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஓரம் ஓரமாக அடிக்கும் பழக்கத்தை அவர் பட்டறையில் பையன்களுக்கு அனுமதிப்பதில்லை. பிறகு கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் எண்ணெயை அளந்து, இரு பக்கமும் ஒரே அளவாக ஊற்றினார். கையோடு, ஹேண்டில்பார் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்கான கோன் செட்டையும் பார்த்துவிடச் சொன்னேன். ஃபோர்க் முழுவதும் இறங்கியிருக்கும்போது அதற்குத் தனிக் கூலி பெரிதாக ஆகாது.

வண்டியை எடுத்த பின் திருவொற்றியூர் வரை துறைமுகச் சாலையின் மேடுபள்ளத்தில் வேண்டுமென்றே ஓட்டிவிட்டு, வெள்ளைத் துணியால் இரு ராடுகளையும் துடைத்துப் பார்த்தேன். துணியில் எண்ணெய் படியவில்லை. பிரேக் ஷூவையும் புதிதாக மாற்றியாயிற்று. எண்ணெய் ஊறிய பழைய ஷூவைத் துடைத்து மாட்ட மெக்கானிக் ஒப்பவில்லை, அது நியாயமே.

மார்கழியில் வருபவர்களுக்கு ஒன்று: குரோம் பட்டறைக்காரர்கள் உங்கள் இரண்டு ராடுகளுக்காக மட்டும் தொட்டியை இயக்க மாட்டார்கள், மற்ற வேலைகளோடு சேர்த்தே போடுவார்கள், பொங்கல் வாரத்தில் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆகவே விமானம் இறங்கிய முதல் வாரத்திலேயே ராடுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சீல் வாங்குவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.