குஞ்சு பெட்டையா சேவலா, எந்த வழிய எவ்வளவு நம்பலாம்?

குஞ்சப் பாத்து பெட்டையா சேவலான்னு சொல்ல ஆளாளுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க, ஆனா எது எந்த வயசுல ஒத்து வரும்னு பிரிச்சுப் பாக்காமலே பேசுறதாலதான் இவ்வளவு குழப்பம்.

பொரிச்ச உடனே தெரியணும்னா ஆசனவாயப் பாக்குற முறை இருக்கு, 1920கள்ல ஜப்பான்ல உருவானது. நல்லா பழகினவங்க கையில ரொம்ப சரியா வரும். தயவுசெஞ்சு வீட்ல முயற்சி பண்ணாதீங்க, கொஞ்சம் அழுத்தம் கூடினாலும் குஞ்சு செத்துடலாம்.

அடுத்து இறக்கை இறகு. பெட்டைக்குஞ்சுக்கு நீள இறகு, மேல இருக்குற சின்ன இறகத் தாண்டி வளந்திருக்கும், சேவலுக்கு ரெண்டும் சமமா இருக்கும்னு சொல்வாங்க. உண்மைதான், ஆனா இறகு மெதுவா வளர்ற தாயும் வேகமா வளர்ற தகப்பனும் சேர்ந்து வந்த குஞ்சுக்கு மட்டும், அதுவும் முதல் ரெண்டு மூணு நாள்தான். நம்ம வீட்ல கலந்து கட்டி வளர்ற குஞ்சுக்கு இதப் பாத்து முடிவு பண்றது வீண்.

நிறமும் அப்படித்தான். ரோட் ஐலண்ட் ரெட் சாதி சேவலையும் வரி போட்ட ப்ளிமத் ராக் சாதி பெட்டையையும் சேத்தா, தலையில வெள்ளப் புள்ளி இருக்குறது சேவல், இல்லாதது பெட்டை. ஜோடிய மாத்திப் போட்டாலோ அந்தக் குஞ்சுகளையே வளத்து அடுத்த தலைமுறை எடுத்தாலோ இந்தக் கணக்கு நிக்காது.

அஞ்சாறு வாரம் ஆனதும் எல்லாரும் கொண்டையப் பாப்பாங்க. கொண்டையும் தாடியும் சீக்கிரமே தடிச்சு செவந்துட்டா பெரும்பாலும் சேவல்தான், ஆனா ஒரே சாதி, ஒரே நாள்ல பொரிச்ச குஞ்சுங்களுக்குள்ள மட்டும் ஒப்பிடுங்க. லெகார்ன் சாதியில பெட்டைக்கே பெரிய கொண்டை வரும், பட்டாணிக் கொண்டை (மூணு வரிசையா தாழ்வா புடைச்சிருக்குற கொண்டை) இருக்குற சாதியில சேவலுக்கே அது மெதுவாத்தான் எழும்பும். வால் இறகு பெட்டைக்கு சேவலவிட சீக்கிரம் வரும்ங்கிறதும் கூடவே பாக்கலாம், தனியா அதை மட்டும் நம்ப வேண்டாம்.

என்னக் கேட்டா காத்திருக்க வேண்டியது இடுப்புல, வால் தொடங்குற இடத்துக்கு முன்னால முளைக்கிற இறகுக்குத்தான். சுமாரா பத்துல இருந்து பதினாலு வாரத்துக்குள்ள சேவலுக்கு அங்க நீளமா, கூரா, பளபளன்னு இறகு தொங்க ஆரம்பிக்கும், பெட்டைக்கு நுனி உருண்டையாவே இருக்கும், இத வெளிச்சத்துல நிக்க வச்சு பக்கவாட்டுல பாத்தா கண்ணுக்கே தெரிஞ்சிடும், காசு செலவும் இல்ல குஞ்சுக்கு வலியும் இல்ல. செப்ரைட் சாதியில மட்டும் சேவலுக்கும் பெட்டை மாதிரி இறகுதான், சில்கியிலயும் பஞ்சு மாதிரி இருக்குறதால இது உதவாது.

கூவுறத வச்சு சொல்றது பெரும்பாலும் சரிதான், அபூர்வமா பெட்டையும் கூவும். கால் முள்ள நம்பாதீங்க, பெட்டைக்கும் வரும். நூல்ல மோதிரம் கட்டி முட்டை மேல ஆட்டிப் பாக்குறது, முட்டை கூரா இருந்தா சேவல்னு சொல்றது ரெண்டுக்கும் எந்த ஆதாரமும் கிடையாது.

சேவல் வச்சுக்க முடியாத இடம், உடனே தெரிஞ்சே ஆகணும்னா டிஎன்ஏ டெஸ்ட் இருக்கு. கோழியில பெட்டைக்குத்தான் ரெண்டு வேற வேற பாலியல் குரோமோசோம் (ஆணா பொண்ணான்னு முடிவு பண்ற மரபணுத் தொகுப்பு), சேவலுக்கு ரெண்டும் ஒரே வகை, அதனால அடிக்குருத்தோட பிடுங்கின இறகுலயே பாத்துடலாம், எந்த வயசுக்கும் எந்த சாதிக்கும் செல்லும். செலவு ஆகும், அதனால நாலஞ்சு குஞ்சு இருந்தா சந்தேகப்படுற ஒண்ணு ரெண்டுக்கு மட்டும் அனுப்புங்க.