சொல்லாமல் விட்ட அனுமானம்: இணைத்துப் பார்ப்பதா, மறுத்துப் பார்ப்பதா?

நான்கைந்து வரியில் ஒரு வாதம். அதன் கீழே "இந்த வாதம் எந்த அனுமானத்தை நம்பி நிற்கிறது?" என்று ஒரு கேள்வி. எல்சாட் (அமெரிக்கச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு), ஜிமேட் (மேலாண்மைப் படிப்பு நுழைவுத் தேர்வு) போன்ற தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் இந்த வகைக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. 2024 ஆகஸ்ட் முதல் எல்சாட்டில் தருக்கப் புதிர்ப் பகுதி நீக்கப்பட்டு, மதிப்பெண் பெறும் வாதப் பகுதிகள் இரண்டாகிவிட்டதால் இதன் எடை இன்னும் கூடிவிட்டது. ஒரு பகுதிக்கு 35 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூடக் கிடைக்காது. அதனால்தான் எந்த முறையைக் கையில் எடுப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பயிற்சி பெறுவோரிடையே புழங்கும் முறைகள் முக்கியமாக மூன்று. ஆதாரத்துக்கும் முடிவுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தேடி நிரப்புவது ஒன்று. விடையாகத் தரப்பட்ட கூற்றை மறுத்துப் பார்த்து வாதம் விழுகிறதா என்று சோதிப்பது இன்னொன்று. 'எல்லா', 'மட்டுமே', 'ஒருபோதும்' போன்ற கடுமையான சொற்கள் வரும் விடைகளை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடுவது மூன்றாவது.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன். "இந்தப் பெட்டியை இனி யாராலும் திறக்க முடியாது, இதன் ஒரே சாவி தொலைந்துவிட்டது" என்கிறது ஒரு வாதம். இதற்கு வேண்டிய அனுமானம், "அந்தச் சாவி இல்லாமல் பெட்டியைத் திறக்க எந்த வழியும் இல்லை" என்பது. இதைவிடக் கடுமையான சொல் வேண்டுமா? முடிவே கடுமையாக இருக்கும்போது அதைத் தாங்கும் அனுமானமும் கடுமையாகத்தான் இருக்கும். சொல்லைப் பார்த்துத் தள்ளுகிறவர் இங்கே சரியான விடையைத் தன் கையாலேயே அடித்துவிடுவார். இதை ஒரு முறை என்று கற்றுக்கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

இடைவெளியை நிரப்பும் முறை மிகப் பழையது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே தீ இருக்கிறது என்று சொல்லிவிட்டு நிறுத்த, இந்தியாவின் பழைய தருக்க மரபான நியாய தரிசனம் விடுவதில்லை. "புகையுள்ள இடமெல்லாம் தீயுள்ளது, அடுக்களையில் போல" என்பதையும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். ஐந்து உறுப்புகள் கொண்ட அதன் வாதத்தில் மூன்றாம் உறுப்பே அதுதான். இன்றைய தேர்வுக் கேள்வி அந்த மூன்றாம் உறுப்பை மறைத்துவைத்துவிட்டு நம்மிடம் கேட்கிறது. முடிவில் புதிதாக முளைத்த சொல் எது, அது ஆதாரத்தில் எதோடு ஒட்ட வேண்டும் என்று பார்த்தால் பல வாதங்களில் விடை உடனே கைக்கு வந்துவிடும்.

ஆனால் இந்த முறை ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஆளைக் கவிழ்க்கும். இந்த வாதத்தைப் பாருங்கள்: "அவர் ஐந்து மொழிகள் பேசுவார். ஆகவே நூல்களை மொழிபெயர்ப்பதில் சிறந்து விளங்குவார்." முடிவில் வந்த புதுச் சரக்கு நூல் மொழிபெயர்ப்பு. இரண்டையும் ஒட்டினால், "ஐந்து மொழிகள் பேசும் எவரும் நூல் மொழிபெயர்ப்பில் சிறந்து விளங்குவார்" என்று வருகிறது. விடைகளில் அது அப்படியே இருக்கும். கண் நேராக அதில்தான் போய் விழும். அதன் கீழே இன்னொன்றும் இருக்கும்: "அந்த மொழிகளில் இரண்டிலாவது அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும்." இது எங்கிருந்தோ வந்தது போலத் தோன்றும்.

இப்போது மறுத்துப் பாருங்கள். முதல் கூற்றின் மறுப்பு, "ஐந்து மொழிகள் பேசும் ஒருவராவது நூல் மொழிபெயர்ப்பில் சிறந்து விளங்க மாட்டார்." இருந்துவிட்டுப் போகட்டுமே, அந்த ஒருவர் நம்மவராக இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? வாதம் அசையவில்லை. இரண்டாவதன் மறுப்பைச் சுற்றிவளைத்துத் தேட வேண்டாம். "எழுதப் படிக்கத் தெரிந்த மொழி அவருக்கு ஒன்றுக்கு மேல் இல்லை" என்பதுதான் அது. அப்படியானால் நூலை மொழிபெயர்ப்பது எப்படி? வாதம் அந்த நிமிடமே விழுந்துவிடுகிறது. வாதம் நம்பி நிற்கும் அனுமானம் இதுதான்.

மறுக்கும்போது கை தவறுவதும் உண்டு. 'எல்லோரும்' என்பதை மறுத்தால் 'ஒருவராவது இல்லை' என்று வர வேண்டும். 'ஒருவருமே இல்லை' என்று எதிர்முனைக்கு ஓடினால், தேவையில்லாத அனுமானமும் வாதத்தைத் தகர்ப்பது போலத் தெரியும். மேலே சொன்ன முதல் கூற்றையே "ஐந்து மொழிகள் பேசும் யாருமே சிறந்து விளங்க மாட்டார்கள்" என்று மறுத்துப் பாருங்கள். தவறான விடை சரியானதாகிவிடும்.

காரண காரியம் சொல்லும் வாதங்களில் இடைவெளி முறை இன்னும் பலவீனமானது. நூலகம் மாலை 6 மணிக்குப் பதிலாக 8 மணி வரை திறந்திருந்தது. அடுத்த மாதம் இரவல் போன நூல்கள் கூடின. ஆகவே நேரத்தை நீட்டியதே காரணம் என்கிறது ஒரு வாதம். முடிவில் ஒட்டவைக்கப் புதுச்சொல் ஏதும் இல்லை. இங்கே "வேறு எதனால் கூடியிருக்கலாம்?" என்று கேட்க வேண்டும். அந்த மாதம் புது நூல்கள் வந்திருக்கலாம், பரீட்சைக் காலமாக இருந்திருக்கலாம். "இரவல் கூடியது புது நூல்களால் மட்டுமே நிகழ்ந்ததல்ல" என்பது போல, எதிர்ப்பை வாசலிலேயே தடுத்து நிறுத்தும் கூற்றுதான் விடையாக வரும். அந்த 'அல்ல' என்பதை நீக்கிப் படித்தால் மறுப்பும் தயார், வாதமும் விழுந்தாயிற்று.

ஆகவே என் பரிந்துரை இது: வாதத்தைப் படிக்கும்போது இடைவெளியையும் மாற்றுக் காரணத்தையும் தேடுங்கள், விடைகளுக்கு வந்தபின் மறுத்துப் பாருங்கள். ஐந்து விடைகளையும் மறுக்க நேரம் போதாது. தெளிவாகப் பொருந்தாதவற்றை நீக்கிவிட்டு, மிஞ்சும் இரண்டில் மட்டும் மறுப்புச் சோதனையைச் செலவிடுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, எல்சாட்டில் அது அடிக்கடி எதிர்ப்படும். "எதை எடுத்துக்கொண்டால் முடிவு உறுதியாகும்?" என்று கேள்வி மாறினால் மறுப்புச் சோதனையை மூட்டை கட்டிவிடுங்கள். அங்கே கேட்பது போதுமான அனுமானம். அது இன்றியமையாததாக இருக்க வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பு வாதத்தில் நாம் ஒதுக்கிய "ஐந்து மொழிகள் பேசும் எவரும்" என்ற கூற்று அப்போது சரியான விடையாகிறது. எழுதப் படிக்கத் தெரியும் என்ற கூற்று தள்ளுபடியாகிறது, ஏனெனில் எழுதப் படிக்கத் தெரிந்த எல்லோரும் சிறந்த மொழிபெயர்ப்பாளர்கள் அல்லர்.