தி க்ரானிக்: பேஸுக்குக் குறையில்லை, பதினாறாவது பாட்டை என்ன செய்ய?

அமெரிக்க ராப் கலைஞரும் தயாரிப்பாளருமான டாக்டர் ட்ரேயின் ‘தி க்ரானிக்’ ஆல்பத்தை இப்போது வாங்கலாமா, வாங்கினால் எந்த வடிவில் வாங்குவது என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். 1992 டிசம்பரில் டெத் ரோ இசை நிறுவனம் வெளியிட்டது, 16 ட்ராக், சுமார் 63 நிமிடம் என்பதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறார்கள். தலைப்புகள் சிலவற்றை இங்கே அச்சிட முடியாது, அதனால் பெரும்பாலும் எண்ணை வைத்தே பேசுகிறேன்.

முதலில் பேஸ், அதாவது அடியில் அதிரும் தாழ்ந்த ஒலி. இத்தனை வருடம் கேட்டும் அலுக்காத விஷயம் இதுதான். அஞ்சாவது பாட்டு ‘ஜி தாங்’ பாடகர் லியான் ஹேவுட்டின் 1975 பாட்டு ஒன்றின் மேல் கட்டியது. அன்று பெரும்பாலான ராப் தயாரிப்பாளர்கள் பழைய இசைத்தட்டில் ஒரு துண்டை வெட்டி, அதையே சுற்றிச் சுற்றி ஓட விடுவார்கள். அப்படி எடுத்தால் ட்ரம், பேஸ், கிட்டார் எல்லாம் ஒரே உருண்டையாக வரும். பேஸை மட்டும் ஏற்றலாம் என்றால் கூடவே மற்றதும் ஏறும். ட்ரே பல இடங்களில் வாத்தியக்காரர்களை உட்கார வைத்து அந்தப் பகுதியைத் திரும்ப வாசிக்க வைத்தார். காலின் வுல்ஃபின் பேஸ் கிட்டார் தனிப் பதிவு, மூக் சிந்தசைசர் என்ற மின்னணுக் கீபோர்டு தனிப் பதிவு. வேண்டியதை வேண்டிய அளவு ஏற்றி இறக்கலாம்.

இதில் பண லாபமும் உண்டு. 1991 டிசம்பரில், அனுமதியில்லாமல் துண்டு எடுத்த ராப்பர் பிஸ் மார்க்கி மீதான வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபின், அனுமதி வாங்காமல் துண்டு எடுப்பது ஆபத்தான காரியமாகிவிட்டது. திரும்ப வாசித்தால் பாட்டை இயற்றியவருக்கு மட்டும் உரிமைத்தொகை கொடுத்தால் போதும், ஒலிப்பதிவின் சொந்தக்காரருக்குத் தர வேண்டியதில்லை. ஆல்பம் முழுவதும் இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். 11-ஆவது பாட்டின் ட்ரம் லெட் செப்பெலின் ராக் குழுவின் இசைத்தட்டிலிருந்து எடுத்தது.

மேலே கேட்கும் அந்த மெல்லிய விசில் போன்ற சிந்தசைசர் ஒலியைக் கவனியுங்கள். ஒரு சுரத்தில் நின்று அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டே போகும். நம் சங்கீதத்தில் ஜாரு என்பார்களே, அந்த ஜாதி. அடியில் பேஸ், உச்சியில் இந்த இழை, நடுவில் ஆல்பம் நெடுகப் பாடும் ராப்பர் ஸ்னூப்பின் குரலுக்கு விட்ட வெற்றிடம். அப்போது அவருக்கு வயது 21. கத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல ராப் செய்கிறார். அது எடுபட்டதற்கு இந்த வெற்றிடம்தான் காரணம்.

இனி கருவி விஷயம். போன் ஸ்பீக்கரிலோ லேப்டாப்பிலோ கேட்டுவிட்டு “என்ன பெரிய பேஸ்” என்று சொல்லாதீர்கள். இந்த ஆல்பத்தின் அடித்தளம் 40 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை. உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஸ்பீக்கரில் அதில் பெரும்பகுதி வெளியே வராது. பேஸ் பூஸ்டைத் தட்டினால் இன்னும் கெடும். கிக் ட்ரம்மும் மூக் பேஸும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் பூஸ்ட் இரண்டையும் ஒன்றாக்கிக் குழைத்துவிடும். மாறாக ஈக்வலைசரில் 200–300 ஹெர்ட்ஸ் பக்கம் 2, 3 டெசிபெல் குறைத்துப் பாருங்கள். பேஸ் தானே தெளியும்.

காரில் பேஸுக்கென்று தனி ஸ்பீக்கர் (சப்வூஃபர்) இருந்தால், எந்த ஒலி வரை அதற்குப் போகவேண்டும் என்று பிரிக்கும் க்ராஸோவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். மூடிய ஸ்பீக்கர் பெட்டியில் ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்கும். துளையுள்ள பெட்டியில் சத்தம் அதிகம், ஆனால் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டும். வேகமான பாட்டு இல்லை என்பதால் பலர் துளைப்பெட்டியே போதும் என்பார்கள். அஞ்சாவது பாட்டுக்குப் போதும், மூன்றாவதற்குப் போதாது. நம்பர் பிளேட் அதிர்ந்தால் ஸ்பீக்கரைக் குறை சொல்லாமல் பின்னால் ஒரு ஃபோம் பட்டை ஒட்டுங்கள்.

வினைல் வாங்குபவர்கள் இரட்டைத் தட்டாகவே வாங்குங்கள். 63 நிமிடத்தை ஒரே தட்டில் அடைத்தால் பக்கத்துக்கு 31 நிமிடத்துக்கு மேல் ஆகும். பேஸுக்கு அகலமான பள்ளம் வேண்டும், அத்தனை நேரத்துக்கு இடம் இருக்காது. ஒலியைக் குறைத்து, பேஸை வெட்டித்தான் அடைக்க முடியும். பேஸுக்காக வாங்கும் ஆல்பத்தில் பேஸை வெட்டினால் மிச்சம் என்ன? ஸ்ட்ரீமிங்கை மட்டும் நம்புபவர்களுக்கும் ஒன்று. 2022 மார்ச்சில் இந்த ஆல்பம் ஸ்ட்ரீமிங் தளங்களிலிருந்து மொத்தமாகக் காணாமல் போய், 2023 பிப்ரவரி 1-ல்தான் திரும்பியது. அந்தப் பதினோரு மாதமும் சிடி வைத்திருந்தவர்களுக்குக் கவலை இருக்கவில்லை.

மூன்றாவது பாட்டு ‘லெட் மீ ரைட்’. அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள் பாடிய பக்திப் பாட்டில் தேர் வரும், இறங்கி வந்து அழைத்துப் போகும். அந்தத் தேரை ‘பார்லமென்ட்’ என்ற ஃபங்க் இசைக்குழு விண்கலமாக்கியது. ட்ரே அதை 64 மாடல் இம்பாலா காராக்கினார். இந்தப் பாட்டுக்குத்தான் கிராமி கிடைத்தது. நாலாவது பாட்டு 1992 ஏப்ரல் 29-ல் கலவரத்தில் லாஸ் ஏஞ்சலஸ் எரியத் தொடங்கியதைப் பற்றியது. தெருவில் பேசிய மக்களின் நிஜக் குரல்கள் இடையிடையே வருகின்றன. ஏழாவது பாடகர் டானி ஹாத்தவேயின் பாட்டின் மேல் கட்டியது. சிறைக்குப் போய் வருபவனின் களைப்பு அதில் அப்படியே இருக்கிறது.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். 10-ம் 13-ம் பாட்டே இல்லை, நாடகத் துண்டுகள். 13 அப்பட்டமான ஆபாசம். அவற்றைத் தாண்டிவிடலாம். பதினாறாவதைத் தாண்ட முடியாது. ஆரம்பப் பதிப்புகளின் பின்னட்டையில் பெயர்கூடப் போடாமல் கடைசியில் வைத்த பாட்டு அது. ஆல்பத்திலேயே ஆகச் சிறந்த பேஸ் வாசிப்பு அதில்தான் இருக்கிறது. அதன் மேல் பெண்களை மனுஷியாகவே மதிக்காத வரிகள்.

“அது ஈஸி-ஈயைத் திட்டும் பாட்டு, பழைய கூட்டாளிச் சண்டை” என்று சப்பைக்கட்டு கட்டுகிறார்கள். வரி வரியாகக் கேட்டுப் பாருங்கள். என்.டபிள்யூ.ஏ ராப் குழுவில் ட்ரேயோடு இருந்த ஈஸி-ஈ வருவது ட்ரே பாடும் முதல் பகுதியில் மட்டும். அதற்குப் பிறகு டாஸ், குரப்ட், ஸ்னூப் என்ற மூன்று ராப்பர்களும் பாடுவது பெண்களைப் பற்றியேதான். கூட்டாளிச் சண்டைக்கு இரண்டாவது பாட்டு இருக்கிறது. அதற்கு ஈஸி-ஈ 1993-ல் தனி வெளியீடு போட்டே பதில் சொன்னார். 1991 ஜனவரியில் ட்ரே தொலைக்காட்சித் தொகுப்பாளர் டீ பார்ன்ஸை ஒரு விருந்தில் வைத்து அடித்தார், வழக்கை மறுக்காமல் தண்டனை பெற்றார். அடுத்த வருடமே வந்த ஆல்பம் இது. அதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது பதினாறாவது பாட்டு வெறும் வாய்ச்சவடாலாகப் படவில்லை. ட்ரே பொதுவில் மன்னிப்புக் கேட்டது 2015-ல்.

அன்றைக்கு வரவேற்பும் இப்படி இரண்டாகப் பிளந்துதான் இருந்தது. பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம், ஒரு வருடத்துக்குள் அமெரிக்காவில் 30 லட்சம் பிரதிக்கான சான்று, ராப் இதழான ‘தி சோர்ஸி’ல் ஐந்துக்கு நாலரை மைக் (அந்த இதழின் மதிப்பெண்). இன்னொரு பக்கம் சி. டெலோரஸ் டக்கர் போன்றவர்கள் கேங்ஸ்டா ராப் (தெருக் கும்பல், துப்பாக்கி வாழ்க்கையைப் பாடும் ராப்) வரிகளை எதிர்த்துப் போராட, 1994 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்கள் முன் விவாதம் நடந்தது. மார்ச் தொடக்கத்தில் அந்தக் கிராமி. டக்கரைப் பழைமைவாதி என்று ஒதுக்கிவிட்டுப் போனவர்கள் நிறைய. அவர் சிவில் உரிமைப் போராட்டத்தில் மார்ட்டின் லூதர் கிங்கோடு நடந்தவர். பதினாறாவது பாட்டைப் பொறுத்தவரை அவர் கேட்ட கேள்வி நியாயமானது.

ஆல்பத்தில் பெண் குரல்கள் நன்றாக இருக்கின்றன என்பதுதான் இதில் கூடுதல் வலி. 14-ஆவது பாட்டில் லேடி ஆஃப் ரேஜ் வரும்போது கூட இருக்கும் ஆண்கள் யாரும் எடுபடவில்லை. அந்தப் பதினாறாவதையே ஒரு பெண் குரல்தான், ஜுவெல், முடித்துவைக்கிறார்.

ஒலிக்கு இவ்வளவு பாராட்டு எழுதியபின்னும், அந்தப் பதினாறாவதால், இன்று கேட்டால் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஸ்ட்ரீமிங்கில் 3, 4, 5, 7, 11, 14 ஆறையும் ஒரு பட்டியலாகப் போட்டு, நல்ல ஹெட்போனில் கேளுங்கள். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் க்ராஸ்ஃபேடை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாட்டின் முடிவை அடுத்த பாட்டு வந்து தின்றுவிடும்.