அடிக்குறிப்பா, அடைப்புக்குறியா?

ஆய்வேட்டில் சட்டத்தையும் ஹன்சாட்டையும் (பாராளுமன்ற விவாதப் பதிவு) சான்றாக எப்படிக் காட்டுவது: பக்கத்தின் அடியில் குறிப்பாகவா, வாக்கியத்துக்குள் அடைப்புக்குறியிலா? திருகோணமலை வளாகத்துத் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கிறார்கள்.

எளிமை: அடைப்புக்குறிக்குப் பெயரும் ஆண்டும் போதும். அடிக்குறிப்புக்குப் பொறுமை வேண்டும்.

துல்லியம்: இங்கே அடிக்குறிப்புக்கே என் வாக்கு. ‘2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 5(1)’ என்று முழுமையாக எழுதலாம். சட்டத்துக்கு இலக்கம்தான் அடையாளம். ஆண்டை மட்டும் பார்த்துத் தேடுபவர் அலைவார். ஹன்சாட்டுக்குத் தொகுதி, திகதி, நிரல் எண் மூன்றும் தேவை. ஹன்சாட்டின் ஒரு பக்கத்தில் இரண்டு நிரல்கள் (நெடுக்காகப் பிரித்த பத்திகள்), ஒவ்வொன்றுக்கும் தனி எண். அதைப் பக்க எண்ணாக எழுதிவிடாதீர்கள்!

சட்ட ஆய்வென்றால் அடிக்குறிப்பு. சமூகவியல் கட்டுரையில் ஓரிரு சட்டங்களே வருமென்றால் அடைப்புக்குறி. இலக்கத்தை மட்டும் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.